பெயர் மட்டும் போதுமா?



அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் அக்காவின் மகள், அந்நாட்டின் 50 மாநிலங்களையும் தலைநகரங்களையும் மூச்சுவிடாமல் ஒப்புவிப்பாள். கேட்கச் சந்தோஷம்தான். ஆனால், "ஒக்லஹோமா என்றால் என்ன அர்த்தம்?" என்று தொலைபேசியில் கேட்டேன். பதில் இல்லை.

அது சொக்டோ எனும் பழங்குடியினரின் மொழி. 'சிவந்த மக்கள்' என்பது பொருள். 1830இல் வந்த ஒரு சட்டத்தின்படி, தென்கிழக்கே வாழ்ந்த பழங்குடியினர் மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் அனுப்பப்பட்டனர். 1838-39இல் விரட்டப்பட்ட செரோக்கி மக்கள் ஏறத்தாழ 16,000 பேர். முகாம்களிலும் வழியிலும் குளிராலும் நோயாலும் சுமார் 4,000 பேர் மாண்டதாகக் கணிக்கிறார்கள். அந்த வழிக்குக் 'கண்ணீர்ப் பாதை' என்றே பெயர். போய்ச் சேர்ந்த நிலமாவது நிலைத்ததா? 1889 முதல் அங்கும் குடியேற்றக்காரர் புகுந்தனர். 1907இல் அது 46ஆவது மாநிலமாயிற்று.

"சின்னப் பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்லுறதோ?" என்று அக்காவுக்குக் கோபம். சொல்லலாம் என்பதே என் எண்ணம். இறந்தவர் தொகையில் தொடங்காமல் ஊர்ப்பெயரில் தொடங்கினால் பிள்ளை தானாகவே கேட்கும். வரைபடத்தில் ஜோர்ஜியாவிலிருந்து ஒக்லஹோமாவரை நூல் வைத்து அளக்கச் சொன்னேன்.

அளந்துவிட்டுக் கேட்டாள்: "சின்னம்மா, என்னைப்போலப் பிள்ளையளும் நடந்தோ போனவை?"