அமானத்தும் அனாமத்தும்

எங்கள் ஆபீஸில் 'நாளைக்கு' என்ற வார்த்தைக்கு இரண்டு அர்த்தம். நான் சொன்னால் அடுத்த வாரம். பாய் சொன்னால் நாளைக்கு.

1994. திண்டுக்கல்லில் ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன். எனக்கும் பாய்க்கும் எதிரெதிர் மேஜை, நடுவில் ஒரே ஒரு கால்குலேட்டர். அவருக்கு அழகான பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலில் மட்டும்தான் அதைப் பார்க்கலாம். மற்ற நேரம் முழுக்க 'பாய்'. இந்தியில் சகோதரன் என்று அர்த்தமாம். ரம்ஜானுக்கு முந்தின வாரம் நாங்கள் கூப்பிடும்போது அந்த அர்த்தம் துல்லியமாகத் தொனிக்கும்.

"பாய், ஸ்டேட்மென்ட் நாளைக்கு ரெடியாயிடுமா?" என்பார் மேனேஜர்.

"இன்ஷா அல்லாஹ் சார்."

"அவர் இருக்கட்டும்யா. நீ குடுப்பியா?"

மேனேஜரைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கும் அது 'பார்க்கலாம்' என்பதன் அரபு மொழிபெயர்ப்பாகத்தான் பட்டது. அப்படியில்லை என்று பாய் ஒரு டீ நேரத்தில் விளக்கினார். 'இறைவன் நாடினால்' என்று அர்த்தம். நாளைக்கு இதைச் செய்வேன் என்று வெறுமனே சொல்லாதே, இறைவன் நாடினால் என்று சேர்த்துச் சொல் என்று குர்ஆனின் 18-வது அத்தியாயத்திலேயே வருகிறதாம். "சொல்லிட்டா செஞ்சே ஆகணும் சார். நடக்காமப் போனா அது அவன் நாட்டம். நான் தூங்கிட்டு அவன் மேல பழி போடக் கூடாது" என்றார். மறுநாள் பதினோரு மணிக்கு ஸ்டேட்மென்ட் மேனேஜர் மேஜையில் இருந்தது. 'கண்டிப்பா சார், ப்ராமிஸ் சார்' என்று சொன்ன என்னுடையதை இன்னும் தேடிக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு இந்த வார்த்தைகள் பிடித்துப் போய்விட்டன. அரைகுறையாகக் கற்றுக்கொண்டு அவர் மேலேயே பிரயோகிக்க ஆரம்பித்தேன். ஒரு நாள் "நேத்து ராத்திரி நூத்தி மூணு டிகிரி ஜுரம்" என்றார். "மாஷா அல்லாஹ்!" என்றேன். பாவி மனுஷன் அந்த ஜுரத்திலும் சிரித்தார். அது நல்லது நடந்ததைப் பார்த்துச் சொல்வது. குழந்தை அழகாக இருக்கிறது, பையன் பாஸாகிவிட்டான், பிரியாணி ருசியாக இருக்கிறது, இதற்கெல்லாம். இனி நடக்க வேண்டியதற்கு இன்ஷா அல்லாஹ், நடந்து முடிந்த நல்லதற்கு மாஷா அல்லாஹ். நன்றிக்கு அல்ஹம்துலில்லாஹ். எல்லாப் புகழும் இறைவனுக்கே. 2009-ல் ஆஸ்கர் மேடையில் ஏ.ஆர். ரஹ்மான் அதைத் தமிழில் சொன்னபோது டி.வி. முன்னால் உட்கார்ந்து "இது எனக்கு முன்னாடியே தெரியும்" என்று வீட்டில் பெருமை அடித்துக்கொண்டேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

பாய் வீட்டில் கேட்ட தமிழ் இன்னொரு ஆச்சரியம். அரபு மழை பொழியும் என்று நினைத்துப் போனால், தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் எல்லாம் பச்சைத் தமிழ். 'பாங்கு' என்கிறார்களே, அது பாரசீகமாம். அரபியில் அதற்கு அதான். அப்பாவுக்கு அத்தா, அம்மாவுக்கு அம்மாவேதான்.

அரபு எங்கே இருந்தது தெரியுமா? எங்கள் ஆபீஸில் இருந்தது! வசூல், பாக்கி, ரத்து, அசல், நகல், வாரிசு, ஜப்தி, வக்கீல். காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் எழுதிய லெட்ஜர் பூராவும் அரபு. நவாப் காலத்துக் கச்சேரி மூலமாக வந்து தமிழில் பட்டா வாங்கிவிட்ட வார்த்தைகள். இதில் வேடிக்கை, இறைவனின் 99 திருநாமங்கள் என்கிறார்களே, அதிலேயே அல்-பாக்கி இருக்கிறது: என்றும் நிலைத்திருப்பவன். அல்-வாரிஸ்: எல்லாரும் போன பிறகும் எல்லாவற்றுக்கும் உரியவன். அல்-வக்கீல்: பொறுப்பை நம்பி ஒப்படைக்கத் தகுந்தவன். (எனக்குத் தெரிந்த வக்கீல்கள் மன்னிக்கவும்.) அங்கே அவ்வளவு உயரத்தில் இருந்த பாக்கி, எங்கள் செக்‌ஷனுக்கு வந்து 'பார்ட்டி இன்னும் செட்டில் பண்ணலை' என்று ஆகிவிட்டது.

அதே கதிதான் அமானத்துக்கும். அதைச் சொல்லத்தான் இத்தனை சுற்றி வளைத்தேன்.

பாயின் அத்தா பூட்டுக் கடை வைத்திருந்தார். திண்டுக்கல்லில் பூட்டுக் கடை என்றால் மற்ற ஊரில் காபிக் கடை மாதிரி. வருஷா வருஷம் ரம்ஜானில் கடைச் சரக்கை ஒன்று விடாமல் எண்ணி, மதிப்புப் போட்டு, நூற்றுக்கு இரண்டரை ஸகாத் எடுத்து வைப்பார். அது போக, கை நீட்டுகிறவருக்குக் கொடுப்பது ஸதகா. முதலாவது கடமை, கணக்கு உண்டு. இரண்டாவது மனசு, கணக்கு கிடையாது. நான் மூன்று நாள் ட்ரெய்னிங்குக்காக மெட்ராஸ் போகிறேன் என்று தெரிந்ததும் கடைக்குக் கூப்பிட்டு விட்டார்.

"தம்பி, இதுல எண்ணூறு ரூவா இருக்கு. மெட்ராஸ்ல நல்ல லேடீஸ் வாட்ச் ஒண்ணு வாங்கியாங்க. வீட்டுல யார்ட்டயும் சொல்லாதீங்க. உங்க கூட்டாளிகிட்டயும்தான்."

"இங்கயே கிடைக்குமே அத்தா?"

"இந்த பஜார்ல நான் வாட்ச் கடை ஏறினா, எனக்கு முன்னாடி சேதி வீட்டுக்குப் போயிரும். முப்பத்தஞ்சு வருசத்துல உங்க அம்மாவுக்கு நானா ஒண்ணும் வாங்கினதில்ல."

பணத்தைக் கையில் வைத்துவிட்டு, "இது அமானத்து, தம்பி" என்றார்.

பாண்டியன் எக்ஸ்பிரஸில் போய் இறங்கினேன். ட்ரெய்னிங் முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தால் மவுண்ட் ரோடு. வாட்ச் கடை வருவதற்கு முன் ஷூ கடை வந்தது. அப்புறம் பழைய ரூம்மேட் வந்தான். அவன் பசியோடு வந்தான். அப்புறம் ஒரு சினிமா. சம்பளம் வந்ததும் போட்டு வாங்கிவிடலாம் என்ற நினைப்பு. இந்த நினைப்பு எப்படிப்பட்டது என்று உங்களில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

"அடுத்த மாசம் இன்னொரு தடவை போறேன் அத்தா. நல்ல மாடல் வருதாம்" என்றேன் ஊர் திரும்பி.

"இன்ஷா அல்லாஹ்" என்றார் அவர். நானும் சொன்னேன். மேனேஜர் சந்தேகப்பட்ட அர்த்தத்தில் அந்த வார்த்தை எங்கள் ஊரில் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை மாரடைப்பு. பாய்க்கு ஆபீஸிலிருந்து நான்தான் முதலில் போனேன். வழியெல்லாம் 'இன்னா லில்லாஹி' என்று மனப்பாடம் செய்துகொண்டே சைக்கிள் மிதித்தேன். நாம் இறைவனுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்புகிறவர்கள் என்று அர்த்தம். பாயைப் பார்த்ததும் ஒரு வார்த்தை வரவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில்தான் எண்ணூறு ரூபாய் வாங்கியிருந்தேன்.

குளிப்பாட்டி, மூன்று வெள்ளைத் துணியில் கஃபன் இட்டு, சந்தூக்கில் வைத்துத் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிப் போனார்கள். சந்தூக் என்றால் அரபியில் பெட்டி. நானும் பத்தடி தூக்கினேன். புது ஷூ கடித்தது.

ஜனாஸா தொழுகையில் குனிவதும் இல்லை, தரையில் நெற்றி வைப்பதும் இல்லை. நின்றபடியே நான்கு தக்பீர். நாங்கள் சில பேர் பின்னால் ஒதுங்கி நின்றோம். தொழுகைக்கு வரிசை கட்டியதும் பாய் முன்னால் வந்து கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"எங்க அத்தா யாருக்காவது கடன் தரவேண்டியிருந்தா எங்கிட்ட கேட்டு வாங்கிக்கங்க. இல்லைன்னா அல்லாவுக்காக மன்னிச்சிருங்க."

இது வழக்கம். இறந்த ஒருவருக்குக் கடன் இருக்கிறது என்று கேள்விப்பட்டு நபிகள் நாயகம் தொழுவிக்காமல் நின்றதாகவும், அபூ கத்தாதா என்ற தோழர் 'அந்தக் கடன் என் பொறுப்பு' என்று ஏற்ற பிறகே தொழுவித்ததாகவும் புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். அவர் யாருக்குத் தரவேண்டும் என்று கேட்டார்கள். அவருக்கு யார் தரவேண்டும் என்று கேட்கவில்லை. எனக்கும் அவருக்கும் நடுவில் சாட்சி கிடையாது. ரகசியம் வேறு. வாங்கச் சொன்னவரே 'யார்ட்டயும் சொல்லாதீங்க' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இதைவிட வசதி ஒருவனுக்கு அமையுமா?

மூன்று வாரம் வசதியாகத்தான் இருந்தேன். பாய் எதிரில் உட்கார்ந்து கால்குலேட்டர் கேட்டால் திடுக்கென்றது. பாடாய்ப்படுத்திய இன்னொரு சமாசாரம், என் மேஜையிலிருந்த லெட்ஜர். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையை எழுதிப் போடும் பக்கம் என் பொறுப்பு. அதன் பெயர் அனாமத்துக் கணக்கு. எத்தனையோ வருஷமாக எழுதிவந்த எனக்கு அன்றைக்குத்தான் பொறி தட்டியது. அமானத்துதான் அனாமத்து! நம்பி ஒப்படைத்த பொருள் என்று புறப்பட்ட வார்த்தை, தமிழுக்கு வந்து எழுத்து இடம் மாறி, கேட்பாரில்லாத பொருள் என்று ஆகிவிட்டது. 'அனாமத்தா கிடக்கு' என்கிறோமே, அது. அதே வேரிலிருந்து வந்த அமீன், நம்பிக்கைக்குரியவர். நபிகளுக்கே இளமையில் மக்காவில் அந்தப் பட்டம் உண்டு. 622-ல் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டி வந்தபோது, தம்மிடம் ஊரார் கொடுத்து வைத்திருந்த பொருள்களைத் திருப்பித் தருவதற்காக அலீ அவர்களை விட்டுவிட்டுப் போனார் என்று வரலாறு. நம் ஊரில் அந்த அமீன்தான் கோர்ட் அமீனாவாகி, வீட்டுக்கு வந்து பீரோவைத் தூக்கிக்கொண்டு போகிறார்.

"அந்த அனாமத்தை எப்பய்யா க்ளியர் பண்ணப் போறே?" என்று மேனேஜர் கத்தினார். வேறு எதற்கோ. எனக்கு வியர்த்துவிட்டது.

ஃபெஸ்டிவல் அட்வான்ஸ் வாங்கி, கவரில் எண்ணூறு போட்டு, பாயை டீக்கடைக்குக் கூட்டிப்போய் எல்லாம் சொன்னேன். ஷூ, ரூம்மேட், சினிமா, ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் டீயைக் கீழே வைத்தார்.

"நீங்கதானா சார் அது? அத்தா நோட்டுல 'மெட்ராஸ் அமானத் 800'னு இருக்கு. பேர் எழுதல. மூணு வாரமா வீட்டுல மண்டையை உடைச்சிக்கிறோம். வாங்கினதா குடுத்ததான்னே தெரியல. கடைசில..." என்று நிறுத்தினார். "அனாமத்துல எழுதி வச்சிட்டேன்."

"என்னை மன்னிச்சிருங்க பாய்."

"மன்னிக்கலாம். ஆனா முழுசா எனக்கு மன்னிக்க ரைட்ஸ் கிடையாதே" என்றவர் சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்தார். அக்கவுண்ட்ஸ் ஆள் அல்லவா! சிகரெட் அட்டையின் பின்னால் கணக்குப் போட்டார். வாட்ச் அம்மா கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் அது ஹிபா, அன்பளிப்பு; அம்மாவுக்கே சொந்தம். கைக்குப் போகவில்லை, ஆகவே அது அத்தா விட்டுப்போன சொத்து. அடக்கச் செலவும் கடனும் ஏற்கெனவே தீர்த்தாயிற்று. வஸிய்யத், அதாவது உயில், எதுவும் இல்லை. மிச்சம் வாரிசுக்கு. பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று: நூறு ரூபாய். பாக்கி எழுநூறில் மகனுக்கு இரண்டு பங்கு, இரண்டு மகள்களுக்கும் ஒவ்வொரு பங்கு. மகனுக்கு முந்நூற்றைம்பது, தங்கைகளுக்கு நூற்றெழுபத்தைந்து, நூற்றெழுபத்தைந்து.

"என் முந்நூத்தம்பதை நான் விட்டுத் தரலாம் சார். தங்கச்சிங்க பங்கு என்னுது இல்ல. கேக்கணும்."

மறுநாள் கவர் என்னிடமே திரும்பி வந்தது. எண்ணூறும் அப்படியே இருந்தது. தங்கைகள் இருவரும் தங்கள் பங்கைக் கொடுத்துவிட்டார்களாம், பாயும். ஆனால் எனக்கு இல்லை. "அம்மாவுக்கு வாட்ச்சாவே வாங்கிருங்க சார். அத்தா உங்ககிட்டதானே சொன்னாங்க" என்றார். "இந்தத் தடவை ஷூ கடைப் பக்கம் போகாதீங்க."

இந்தத் தடவை மெட்ராஸ் போகிற வரைக்கும்கூட எனக்கு என் மேல் நம்பிக்கை இல்லை. பஜாரிலேயே, பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க வாங்கினேன். கறுப்பு ஸ்ட்ராப், சின்ன டயல்.

அம்மா அதை உடனே கட்டிக்கொள்ளவில்லை. கணவர் இறந்தால் நான்கு மாதம் பத்து நாள் இத்தா. அலங்காரம் எதுவும் கூடாது. பீரோவுக்குள், அத்தா கடையின் பூட்டுக்குப் பின்னால், வாட்ச் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது.

இத்தா முடிந்த மறுவாரம் பாய் என் மேஜைக்கு வந்தார்.

"அம்மா வாட்ச் கட்டிட்டாங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாங்க."

"என்ன பாய்?"

"அஞ்சு நிமிஷம் ஸ்லோவா ஓடுதாம். வாங்கினது யாருன்னு கேட்டாங்க. சொன்னேன். 'அதான்'னாங்க."