செய்யும் கெய்யும்

தருமபுரி மாவட்டத்தில் கன்னடமும் தெலுங்கும் வீட்டுமொழியாக வழங்கும் குடும்பங்கள் பல. தகடூரை நுளம்பர் ஆண்ட காலத்துக் கன்னடக் கல்வெட்டுகளும் இம்மண்ணில் உண்டு. ஆயினும் 'தமிழ் தாய், கன்னடம் சேய்' என்னும் வாய்பாட்டை நாம் விடுவதாயில்லை. 2025 மே மாதம் ஒரு திரைப்பட விழா மேடையில் அது மீண்டும் ஒலித்தது. விவகாரம் கர்நாடக உயர் நீதிமன்றம் வரை சென்றது. நீதிமன்றத்தைவிட இலக்கணம் இதற்கு நல்ல சாட்சி. ஒரே ஒரு வினைச்சொல்லை எடுத்துக்கொள்வோம்: செய்.

பழங்கன்னடத்தில் இது 'கெய்'. பிற்காலத்தில் முதலெழுத்து மெலிந்தொலித்தது. இன்று பேச்சில் 'மாடு' என்னும் வினை அதன் இடத்தைப் பிடித்துவிட்டாலும், உழவு வேலையைக் குறிக்கும் 'கெய்மெ'யில் பழைய வேர் உயிரோடிருக்கிறது. நீலகிரியின் தோடர், கோத்தர் மொழிகளிலும், வடக்கே கோண்டி, குயி மொழிகளிலும் இவ்வினைக்குக் ககர முதலே. இத்தனை தொலைவில் சிதறிக் கிடக்கும் மொழிகள் தனித்தனியே சகரத்தைக் ககரமாக மாற்றிக்கொண்டன என்பது நம்பத்தக்கதன்று. எனவே அறிஞர் மீட்டுருவாக்கும் தொல்திராவிட வடிவம், நட்சத்திரக் குறியிட்டு எழுதப்படும் *கெய். இகர, எகரங்களுக்கு முன் ககரம் சகரமானது தமிழில் நேர்ந்த மாற்றம். கன்னடத்துக் 'கிவி' நமக்குச் 'செவி'. பின்னால் ட, ண, ள போன்ற நாமடி ஒலி வந்தால் மட்டும் மாற்றம் தடைப்பட்டது; ஆகவேதான் கேள், கெடு, கிளி தப்பின.

இது நமக்கு மட்டும் நேர்ந்த விந்தையுமன்று. ரஷ்ய மொழியில் 'சுடுகிறேன்' என்பது 'பெகூ', 'சுடுகிறான்' என்பது 'பெச்சியோத்'. தொல்ஸ்லாவியத்தில் நிகழ்ந்த இதே மாற்றம் அங்கே ஒரே வினையின் திரிபுகளுக்குள் ககரமும் சகரமுமாய் நிற்கிறது. நம் வினையில் அடி முழுவதும் மாறிவிட்டதால் சுவடு தெரிவதில்லை. ஆனால் விகுதிகளைப் பாருங்கள்: செய்-த்-ஆன், கெய்-த்-அன் (கன்னடத் தகரம் மெலிந்தொலிக்கும்). இறந்தகாலத் தகரம் இரண்டிலும் பொது. அது பங்காளிச் சொத்து. ஒருவரிடமிருந்து மற்றவர் கடன் வாங்கியதன்று.

வயலைக் குறிக்கும் 'செய்'யும் (நன்செய், புன்செய்) கன்னடத்தில் 'கெய்'தான். வினையும் பெயரும் ஒரே வேரா என்பது தனி வழக்கு. பரோவும் எமனோவும் தம் அகராதியில் இரண்டையும் வெவ்வேறு பதிவுகளாகவே வைத்தனர்.

நட்சத்திரக் குறியிட்ட சொல்லை எவரும் காதால் கேட்டதில்லை; அது ஒரு கணிப்பு. ஆனால் 'தாய்மொழி' வாய்பாட்டைவிடப் பொறுப்பான கணிப்பு. இந்த ஒரு வினையில் பழமையைக் காத்தது கன்னடம் என்று சொல்லத் தமிழன் ஏன் கூசவேண்டும்? வேறிடங்களில் கணக்கு நம் பக்கம். நம் 'போ' கன்னடத்தில் 'ஹோகு'. நம் புகை அங்கே 'ஹொகெ'. பகரம் ஹகரமானது பத்தாம் நூற்றாண்டையொட்டித் தொடங்கிய கன்னட மாற்றம். பென்னாகரத்தைத் தாண்டிக் காவிரி விழும் இடத்திற்கு, புகையும் கல்லும் சேர்ந்த அந்தப் பெயரை, மாறிய கன்னட வடிவிலேயே ஒகேனக்கல் என்று நாமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.