கடலில்லா நகரின் கடல்வணிகம்

ஐதராபாத் நகருக்குக் கடற்கரை இல்லை. எனினும் அந்நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உருவாகும் மருந்துகளும் தடுப்பூசிகளும் கடல் கடந்து பல நாடுகளை அடைகின்றன. ஜீனோம் பள்ளத்தாக்கு இதற்குத் தக்க சான்றாகும். இத்தகைய வணிகத்திற்கு வரிக்குறைப்பைவிட நடைமுறை எளிமையே பெருந்துணை.

வரியும் சோதனையும் வெவ்வேறானவை என்பதைத் தமிழர் நன்கு அறிந்திருந்தனர். முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் பெயர் பெற்றான். அவனுக்கு நெடுங்காலம் முன்பே, காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டங்கள் புலிச்சின்னம் பொறிக்கப்பெற்ற பின்னரே வெளியேறின எனப் பட்டினப்பாலை கூறுகிறது. புலிமுத்திரை அரசின் மேற்பார்வைக்கு அடையாளமாக விளங்கியது.

இன்று ஒரு நாட்டின் முத்திரையைப் பிறநாடு எளிதில் ஏற்பதில்லை. ஒருமுறை ஆராய்ந்து ஏற்கப்பட்ட மருந்துக்கும் ஒவ்வொரு நாட்டிலும் தனிப்பதிவும் தனி ஆவணமும் வேண்டும். இக்காலத்தாழ்வைப் பெருநிறுவனம் தாங்கும், சிறுநிறுவனம் தளரும், நோயாளியோ மருந்துக்குக் காத்திருப்பார்.

இதற்கு வட்டார வணிக உடன்படிக்கைகள் தீர்வு தரக்கூடும். இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் 2022 பிப்ரவரி 18 அன்று கையெழுத்திட்ட உடன்படிக்கை, மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம் முதலியவற்றின் மருந்து ஒழுங்குமுறை அமைப்புகள் ஏற்ற இந்திய மருந்துகளுக்கு, உரிய நிபந்தனைகள் நிறைவேறின், 90 நாள்களுக்குள் விற்பனை அனுமதி வழங்க அது வழிவகுத்தது.

எளிமை என்பது கண்காணிப்பைக் கைவிடுவதன்று. இந்தியா–இலங்கைத் தடையற்ற வணிக உடன்படிக்கை 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தபின், பிறநாட்டுப் பாமாயிலைக்கொண்டு இலங்கையில் செய்த வனஸ்பதி இந்தியச் சந்தையில் பெருகிச் சிக்கலை உண்டாக்கியது. ஆதலால் பொருள் எங்கே விளைந்தது, எங்கே உருவானது என்பதை உறுதிசெய்தல் இன்றியமையாதது. இறக்குமதியாளரே அவ்விவரங்களை வைத்திருத்தல் வேண்டும் என இந்தியா 2020இல் விதி வகுத்ததும் இதனாலேயே.

மருந்தில் இக்கவனம் இருமடங்கு தேவை. தரம் குறைந்த துணி பணத்தை வீணாக்கும். தரம் குறைந்த மருந்து உயிரையே போக்கும். எனவே, ஒரே சோதனையைப் பலமுறை செய்வதை விடுத்து, ஒருமுறை செம்மையாகச் செய்து, அதன் முடிவைப் பல நாடுகளும் ஏற்பதே தக்க வழி. அதற்கு ஒப்பந்தத்தாள் மட்டும் போதாது. ஆய்வுக்கூடத்தின் நேர்மையும் வேண்டும். அந்நேர்மை தளராதவரை, ஐதராபாத்தில் இடப்படும் முத்திரை அயல்நாட்டிலும் மதிக்கப்பெறும்.