வரப்பில் நிற்கும் எண்ணெய்த் தொட்டி

பஞ்சகவ்யத்துக்கு எந்த மாட்டுச் சாணம் நல்லது, வேப்பங்கொட்டையை எத்தனை நாள் ஊற வைப்பது என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். பக்கத்து வயல்காரர் மருந்தடித்தால் சாரல் நம் பக்கம் வரக்கூடாது என்று உயிர்வேலி வளர்க்கிறோம். ஆனால் அதே வரப்பு மூலையில், இரட்டைக் கம்பத்தின் மேல், நூறு லிட்டருக்கு மேல் பெட்ரோலிய எண்ணெயைச் சுமந்துகொண்டு ஒரு தொட்டி நிற்கிறதே, அதை என்றைக்காவது அண்ணாந்து பார்க்கிறோமா? டிரான்ஸ்ஃபார்மரைத்தான் சொல்கிறேன்.

என் கருத்து இதுதான். டிரான்ஸ்ஃபார்மரைக் கையால் தொடும் பழக்கத்தை நாம் அடியோடு விட வேண்டும். கண்ணால் பார்க்கும் பழக்கத்தை இன்றே தொடங்க வேண்டும். இப்போது நாம் செய்வது இதற்கு நேர் தலைகீழ். பீஸ் போனால் கொறடை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். எண்ணெய் ஒழுகினால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

எண்ணெய் எதற்கு?

தொட்டிக்குள் இருப்பது இரும்புத் தகடு அடுக்கு, அதன் மேல் கம்பிச் சுருள், சுருளைச் சுற்றிக் காகிதம். இந்தக் காகிதம் மரக்கூழில் செய்தது. எல்லாம் எண்ணெயில் மூழ்கியிருக்கும். எண்ணெய்க்கு வேலை இரண்டு. ஒன்று, மின்சாரம் இடம் தாவாமல் தடுப்பது. இன்னொன்று, சுருளின் சூட்டை வாங்கிப் பக்கவாட்டுத் துடுப்புகள் வழியாக வெளியே விடுவது.

பகலில் பாரம் ஏறினால் எண்ணெய் விரியும். ராத்திரி ஆறினால் சுருங்கும். அப்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சொல்லப்போனால் டிரான்ஸ்ஃபார்மர் மூச்சு விடுகிறது. அந்த மூச்சில் ஈரம் போய்விடாமல் இருக்கத்தான் ஓரத்தில் ஒரு சிறு குடுவை தொங்குகிறது. அதற்குள் சிலிக்கா ஜெல் மணிகள். ஈரமில்லாதபோது நீலம், ஈரம் குடித்துவிட்டால் இளஞ்சிவப்பு. புது வகையில் ஆரஞ்சு நிறம் மாறிப் பச்சையாகும் அல்லது வெளுக்கும். சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் பலவற்றில் இந்தக் குடுவையே இருக்காது. ஈரம் பட்ட விதைநெல் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஈரம் பட்ட எண்ணெயும் அப்படித்தான். மின்சாரத்தைத் தடுக்கும் சக்தி போய்விடும்.

அடுத்த எதிரி சூடு. உள்ளே இருக்கும் காகிதத்துக்கு, தாங்கும் அளவுக்கு மேல் சுமார் 6 டிகிரி கூடினாலே ஆயுள் பாதியாகிறது என்பது மின் பொறியாளர்கள் கணக்கு. சூட்டை ஏற்றுவது யார்? பெரும்பாலும் நாம்தான். 5 ஹெச்.பி. மோட்டார் ஒன்று முழுப் பாரத்தில் 5 கே.வி.ஏ.வுக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும். 63 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரில் பத்துப் பதினோரு மோட்டார் ஓடினால் அதுவே நிறைந்த பாரம். போர் ஆழமாகப் போகப் போக, 5 இருந்த இடத்தில் ஏழரையும் பத்தும் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டன. போதாததற்கு ஆட்டோ ஸ்டார்ட்டர். மும்முனைக் கரண்ட் வந்த அதே நொடியில் எல்லா மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும். நேரடியாகக் கிளம்பும் மோட்டார், ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்டை அந்த நொடியில் இழுக்கும். பீஸ் போகாமல் என்ன செய்யும்?

கை போகக் கூடாத இடம்

பீஸ் போனதும் என்ன நடக்கிறது? ஊரில் 'தைரியமான' ஒரு பையன் இருப்பான். ஏபி சுவிட்ச்சை இறக்குவான், பீஸ் கட்டையைப் பிடுங்குவான், கையில் கிடைத்த அலுமினியக் கம்பியை நாலு புரியாக முறுக்கிக் கட்டுவான். சுவிட்ச்சை இறக்கினாலும் அதன் மேல் பக்கத்தில் 11,000 வோல்ட், சில மாவட்டங்களில் 22,000 வோல்ட், அப்படியே நிற்கும். மூன்று கத்தியில் ஒன்று துருப்பிடித்துத் திறக்காமலே இருந்திருக்கலாம். கீழே நிற்பவனுக்கு அது தெரியாது. லைன்மேனே முறைப்படி எல்.சி. வாங்கி, எர்த் போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும் என்று விதி இருக்கிறது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நம் வீட்டுப் பிள்ளை ஏறுவதற்கு எந்த விதியும் இடம் கொடுக்கவில்லை.

உயிர் தப்பினாலும் நட்டம் தப்பாது. பாரம் மீறும்போது அறுந்துபோகத்தான் பீஸ் கம்பி இருக்கிறது. அதைத் தடியாகக் கட்டிவிட்டால், அறுவதற்குப் பதில் உள்ளே சுருள் எரியும். பத்து நிமிட வேலை பத்து நாள் தண்ணீரில்லாத வேலையாகிவிடும்.

"லைன்மேன் வருகிறவரைக்கும் பயிர் காயுமே சார்" என்பார்கள். நியாயமான கேள்வி. ஆள் பற்றாக்குறை உண்மை, தாமதமும் உண்மை. அதற்குப் பதில் ஏறுவது அல்ல. பீஸ் போவதையே குறைப்பது. ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருப்பவர்கள் பேசி வைத்துக்கொண்டு, ஆட்டோ ஸ்டார்ட்டர்களில் ஆளுக்கு ஒரு நேரத் தாமதம் வைக்கலாம். மோட்டாருக்குத் தக்க கெப்பாசிட்டர் போட்டால் (5 ஹெச்.பி.க்கு வழக்கமாக 2 கே.வி.ஏ.ஆர்.) கரண்ட் இழுப்பு குறையும். சொட்டுநீர் போட்டவர்கள் முறை வைத்து ஓட்டலாம். கூடுதல் ஹெச்.பி.யை மறைக்காமல் எழுதிக் கொடுத்தால்தான் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் கேட்க வாய் இருக்கும்.

மண்ணில் சிந்தினால்

இயற்கை விவசாயிக்கு இது தனிக் கவலை. சுருளுக்காக டிரான்ஸ்ஃபார்மரைக் கவிழ்க்கும் திருடர்கள் எண்ணெய் முழுவதையும் வயலில் கொட்டிவிட்டுப் போவார்கள். அது ஒருநாள் சேதம். கேஸ்கெட் வழியாகவும் வடிகுழாய் வால்வு வழியாகவும் வருடக்கணக்கில் கசிவது கண்ணுக்குத் தெரியாத சேதம். எண்ணெய் படிந்த மண்ணில் தண்ணீர் இறங்காது, காற்றும் போகாது. மண்புழுவுக்கு அங்கே வேலையில்லை.

எண்ணெய் சிந்தினால் முதலில் விலகி நில்லுங்கள், செக்‌ஷன் ஆபீசுக்குச் சொல்லுங்கள். கரண்ட் நிறுத்தியது உறுதியான பிறகு வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் போகாமல் மண் அணை போடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். எண்ணெய் மிதந்து இன்னும் தூரம் போகும். உமி, மரத்தூள் தூவி உறிஞ்ச விட்டு, எண்ணெய் இறங்கிய மண்ணோடு வாரித் தனியாகச் சாக்கில் கட்டுங்கள். எரிக்க வேண்டாம், எருக்குழியிலும் போட வேண்டாம். மிச்சமிருக்கும் லேசான கறையை மட்கு உரமும் ஈரமும் கொடுத்தால் நுண்ணுயிர்கள் மெல்லத் தின்னும், மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அந்த இடத்தில் கீரையும் கிழங்கும் வேண்டாம்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஆயிலைக் கரையானுக்கு அடிக்கிறார்கள், மாட்டுப் புண்ணுக்குத் தடவுகிறார்கள், மூட்டு வலிக்குத் தேய்க்கிறவர்களும் உண்டு. தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரு காலத்தில் உலகம் முழுக்க பி.சி.பி. என்ற ரசாயனத்தை டிரான்ஸ்ஃபார்மர்களில் ஊற்றினார்கள். தீப்பிடிக்காது என்பது அதன் பெருமை. மண்ணிலும் உடம்பிலும் அழியாது என்பது அதன் கொடுமை. 1968-இல் ஜப்பானில், தவிட்டு எண்ணெய் ஆலையில் சூடேற்றும் குழாயிலிருந்து பி.சி.பி. கசிந்து சமையல் எண்ணெயில் கலந்து, ஆயிரக்கணக்கானவர்கள் நோயாளிகளானார்கள். ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின்படி உலக நாடுகள் இதை ஒழித்துக்கொண்டிருக்கின்றன. இந்திய அரசும் 2016-இல் ஆணை போட்டு, 2025 டிசம்பர் 31-ஐ இதன் பயன்பாட்டுக்குக் கடைசி நாளாக வைத்தது. நம் ஊர்க் கம்பத்தில் இருப்பது பெரும்பாலும் சாதாரணக் கனிம எண்ணெய்தான். ஆனாலும் பழையதும் புதியதும் ஒரே வடிகட்டும் இயந்திரத்தில் போனால் கலப்பு வரும். பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது. பயன்படுத்திய எண்ணெய் சட்டப்படியே அபாயக் கழிவு. யூரியாவை வேண்டாம் என்று சொன்ன கையால் அதைத் தொடலாமா?

ஒரு நோட்டு போதும்

வங்கியில் கடனுக்கு ஈடாக வைத்த சரக்கை ஆள் போய்ப் பார்த்து, தேதி போட்டுப் பதிவேட்டில் எழுதுவோம். பொருள் நம்முடையதல்ல, ஆனால் நம் பணம் அதில் நிற்கிறது. டிரான்ஸ்ஃபார்மரும் அப்படியே. சொத்து மின்வாரியத்துடையது, பயிர் நம்முடையது. "அதெல்லாம் அவங்க வேலை" என்பது சரிதான். பழுது பார்ப்பது அவர்கள் வேலை. பழுது இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது நம் வேலை.

மாதம் ஒருமுறை, வேலிக்கு வெளியே நின்றபடி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எண்ணெய் அளவுக் கண்ணாடி இருந்தால் மட்டம் எங்கே இருக்கிறது? குடுவை மணியின் நிறம் என்ன? தொட்டியிலும் வால்விலும் ஈரக் கறுப்பு படிந்திருக்கிறதா? பீங்கானில் விரிசல் உண்டா? எர்த் கம்பி அறுந்திருக்கிறதா? வழக்கமான ரீங்காரம் மாறிப் பொரிகிற சத்தம் கேட்கிறதா? கொடி ஏறியிருக்கிறதா? ஏறியிருந்தால் நீங்கள் வெட்டாதீர்கள், சொல்லுங்கள். பக்கத்தில் வைக்கோல் போர் வேண்டாம். ஸ்டே கம்பியில் மாட்டைக் கட்ட வேண்டாம். மழைக்காலத்தில் இது இன்னும் முக்கியம்.

பார்த்ததைத் தேதியோடு எழுதி, மாற்றம் தெரிந்தால் இணைப்புதாரர்கள் எல்லோரும் கையெழுத்திட்டுச் செக்‌ஷன் ஆபீசில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். மின்னகம் எண் 94987 94987-இலும் பதிவு செய்யலாம். வாய்ச்சொல்லுக்குக் கிடைக்காத மரியாதை தேதி போட்ட காகிதத்துக்குக் கிடைக்கும். கசிகிற கேஸ்கெட்டை மாற்றுவது சின்னச் செலவு என்பது அவர்களுக்கும் தெரியும்.

மின் கட்டணத்துக்காகப் போராடி 1970-இல் பெருமாநல்லூரில் உயிரைக் கொடுத்தவர்கள் நம் விவசாயிகள். கட்டணத்தைப் பற்றி அவ்வளவு பேசிய இயக்கம், அந்த மின்சாரம் எதன் வழியாக வருகிறது என்பதையும் பேச வேண்டும். சோயா போன்ற தாவர எண்ணெயிலிருந்து செய்த எஸ்டர் திரவம் 1990-களின் இறுதியிலிருந்தே டிரான்ஸ்ஃபார்மர்களில் பயன்படுகிறது. அது 300 டிகிரிக்கு மேல்தான் தீப்பற்றும். மண்ணில் சிந்தினால் பெரும்பகுதி மட்கிவிடும். விலை கூடத்தான். வயல்களிலும் நீர்நிலைக் கரைகளிலும் புதிதாக வைப்பவற்றிலாவது அதை ஊற்றுங்கள் என்று கேட்க, நம்மைவிடத் தகுதியானவர்கள் யார்?

அந்தக் கோரிக்கைக்கு நாளாகும். நோட்டுக்கு நாளாகாது. அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, மேலே உங்கள் டிரான்ஸ்ஃபார்மரின் எண்ணையும் கே.வி.ஏ.வையும் எழுதுங்கள். முதல் பக்கத்தில், யாரும் ஏறுவதில்லை என்று எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.