கடனில் பறந்த கரடி

கதாநாயகனின் விமானம் கடனில் மூழ்கிக் கைமாறுவதில் தொடங்கும் குழந்தைகள் தொடர் எத்தனை இருக்கும்? டிஸ்னியின் 'டேல்ஸ்பின்' அப்படித்தான் தொடங்கியது. பாலு என்ற கரடி கெட்டிக்கார விமானி. அதைவிடக் கெட்டிக்காரச் சோம்பேறி. வாங்கிய கடனுக்குத் தவணை கட்டவில்லை. 'சீ டக்' என்ற அவனுடைய சரக்கு விமானம் போய்விடுகிறது. சேமிப்பைப் போட்டு அதை வாங்குகிறாள் ரெபெக்கா கன்னிங்காம். மோலி என்ற சிறுமியைத் தனியாக வளர்க்கும் தாய். தலை நிறைய வியாபார யோசனைகள். நேற்றுவரை முதலாளியாக இருந்த பாலு, இன்று தன் விமானத்தையே அவளிடம் சம்பளத்துக்கு ஓட்ட வேண்டும்.

1990 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் வரத் தொடங்கிய இந்தத் தொடர், 65 அத்தியாயங்களோடு அடுத்த ஆகஸ்டில் முடிந்துபோனது. இந்தியாவுக்கு அது தூர்தர்ஷன் வழியாக வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில், இந்தியில், 'டக் டேல்ஸ்' தொடரின் ஜோடியாக. கேபிள் இணைப்பு எல்லா வீடுகளுக்கும் வந்திராத நேரம். இந்தி தெரியாத தமிழ்ப் பிள்ளைகள் வசனத்தைத் தள்ளிவிட்டுப் படத்தை மட்டும் வைத்துக் கதையைப் பிடித்தார்கள். கொள்ளையர் துரத்துகிறார்கள், எஞ்சின் இருமுகிறது, ரெபெக்கா கத்துகிறாள். இதற்கெல்லாம் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

அந்தத் தலைமுறைக்கு இப்போது நாற்பதையொட்டிய வயது. டேல்ஸ்பின் என்றதும் அவர்கள் முகம் மலர்வதை வெறும் பால்ய ஏக்கம் என்று தள்ளிவிடலாம். அப்படித் தள்ளுவது அந்தத் தொடருக்குச் செய்யும் அநியாயம். பறப்பதைச் சாகசமாகவோ மந்திரமாகவோ காட்டிய குழந்தைக் கதைகள் ஏராளம். அதைப் பிழைப்பாகக் காட்டியது டேல்ஸ்பின். அது நிலைத்ததற்கு முதல் காரணம் அதுதான்.

உருவாக்கியவர்கள் ஜிம் மேகன், மார்க் ஸாஸ்லோ. 1967இல் வந்த டிஸ்னியின் 'ஜங்கிள் புக்' படத்திலிருந்து பாலுவையும், ஷேர் கானையும், குரங்கரசன் லூயியையும் எடுத்தார்கள். மௌக்ளியை விட்டுவிட்டார்கள். காட்டையும் விட்டுவிட்டு, 1930களைப் போன்றதொரு காலத்தில், கேப் சுசெட் என்ற துறைமுக நகரத்தில் இவர்களைக் குடியேற்றினார்கள். செங்குத்தான பாறைகள் சூழ்ந்த நகரம். உள்ளே வர ஒரே ஓர் இடுக்கு, அங்கே பீரங்கிகள் காவல். பாலுவும் ரெபெக்காவும் ஓயாமல் மோதிக்கொள்வதற்கு முன்மாதிரி, மதுக்கடை ஒன்றில் நடக்கும் 'சியர்ஸ்' என்ற நகைச்சுவைத் தொடர். தீவுகளுக்கு நடுவே விமானம் ஓட்டும் சூழலில் 'டேல்ஸ் ஆஃப் தி கோல்ட் மங்கி' என்ற 1982ஆம் ஆண்டுத் தொடரின் சாயல் உண்டு. 'ஜங்கிள் புக்' எழுதிய கிப்ளிங்கின் கரடி, மதுக்கடைச் சண்டை, பசிபிக் தீவு: காகிதத்தில் எழுதிக் காட்டினால் எந்தத் தயாரிப்பாளரும் சிரித்திருப்பார். ஆனால் திரையில் ஒட்டிக்கொண்டது.

ஒட்டவைத்த பசை, கணக்குப் புத்தகம். ஒவ்வொரு கதையிலும் யாரோ ஒருவருடைய சரக்கு எங்கோ போய்ச் சேர வேண்டும். நேரத்துக்குப் போகாவிட்டால் கூலி கிடைக்காது. எரிபொருளுக்குக் காசு வேண்டும். பழுதை நீக்க வைல்ட்கேட் என்ற சிங்க மெக்கானிக் வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இது சலிப்பூட்டும் என்றுதான் பெரியவர்கள் நினைப்பார்கள். ஆனால் அப்பா கடைக் கணக்கு எழுதுவதையும், அம்மா மாதக் கடைசியில் சீட்டுப் பணத்துக்குத் தவிப்பதையும் பார்த்து வளரும் பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான நாடகம் கிடையாது.

கற்பனை என்று இதை ஒதுக்கவும் முடியாது. அந்தக் காலத்து விமானத் தொழில் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்கு ஒரு புஸ் மோத் விமானத்தில் தபால் கொண்டுவந்தார். மூட்டையின் எடை சுமார் 25 கிலோ. அகமதாபாத்தில் பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்தது. பம்பாயின் ஜூஹு களத்தில் இறங்கியதும் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் பொறுப்பேற்று, பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குத் தபாலைக் கொண்டுசேர்த்தார். அவர்களுடைய நிறுவனத்தின் சொத்து இரண்டு சிறு விமானங்களும் ஓர் ஓலைக் கொட்டகையும். மழைக்காலத்தில் ஜூஹு களம் தண்ணீரில் மூழ்கியபோது மொத்தக் கம்பெனியும் மூட்டை கட்டிக்கொண்டு புனேவுக்குப் போனது. ரெபெக்காவின் 'ஹையர் ஃபார் ஹையர்' அலுவலகத்தில் நடப்பவை இதைவிட விசித்திரமானவை அல்ல.

சீ டக் தண்ணீரில் இறங்கும் விமானம். அதற்கும் வரலாற்றில் இடம் இருக்கிறது. 1930களில் நீளமான ஓடுபாதைகள் அபூர்வம். கடலும் ஏரியும் இயற்கை கொடுத்த இலவச ஓடுபாதைகள். அமெரிக்காவின் கிரம்மன் நிறுவனம் 'டக்', 'கூஸ்', 'மல்லார்ட்' என்று தன் நீர்விமானங்களுக்கு நீர்ப்பறவைகளின் பெயர்களையே வைத்துவந்தது. 'சீ டக்' அந்தக் குடும்பத்தில் இயல்பாகப் பொருந்துகிறது. தமிழ் வாசகருக்கு இது தூரத்துச் சங்கதியும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் செங்குன்றம் ஏரியிலிருந்து பிரிட்டிஷ் விமானப் படையின் கேட்டலினா நீர்விமானங்கள் எழும்பின. இலங்கையின் கொக்கல வாவியிலிருந்து கிளம்பிய ஒரு கேட்டலினாவில்தான், 1942 ஏப்ரல் 4 அன்று கனடிய விமானி லியனார்ட் பர்ச்சல் ஜப்பானியக் கடற்படையைக் கண்டு எச்சரிக்கை அனுப்பினார். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. அதே வாவிக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் இடையே 1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் நிறுவனம் இடைநில்லாமல் கேட்டலினாக்களை ஓட்டியது. ஒரு பயணத்துக்கு ஒரு நாளுக்கும் மேல் பிடித்தது; வழியில் சூரியோதயத்தை இரண்டு தடவை பார்க்கலாம். போர் முடிந்தபோது உலகெங்கும் சிமென்ட் ஓடுபாதைகள் முளைத்திருந்தன. பெரிய நீர்விமானங்களின் காலம் அத்தோடு போயிற்று.

கிட் என்ற கரடிக் குட்டி, விமானத்தின் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பலகையில் மேகத்தின்மீது சறுக்கும் காட்சியைச் சொல்லாமல் விட்டால் வாசகர் சண்டைக்கு வருவார்கள். மேகம் என்பது வெறும் நீர்த்துளிகள். அது யாரையும் தாங்காது. அந்தக் காட்சியைக் கண்டு மொட்டை மாடியிலிருந்து குதிக்காத அந்தத் தலைமுறையின் பொது அறிவைப் பாராட்டலாம்.

வில்லன்களில் ஆகாயக் கொள்ளையன் டான் கார்னேஜ் சிரிப்புக்கு. கனமான ஆள் ஷேர் கான். காட்டுப் புலி இங்கே கோட்டு சூட்டு போட்ட பெருமுதலாளி. டோனி ஜேயின் ஆழ்ந்த குரலில் ஒருபோதும் சத்தம் போடாதவர். ஓர் அத்தியாயத்தில், எண்ணெய் விலையை ஏற்றுவதற்காகத் தன் எண்ணெயைத் தானே கொள்ளையர்களை வைத்துத் திருடச் செய்கிறார். செயற்கைத் தட்டுப்பாடு என்றால் என்ன என்பதைப் பள்ளிப் பாடப் புத்தகம் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

பாசம் கண்ணை மறைத்துவிடவும் கூடாது. சோவியத் ஒன்றியத்தைக் கேலி செய்யும் தெம்ப்ரியா என்ற நாடு, பனிப்போர்க் காலத்துச் சோம்பலான நகைச்சுவை. பாண்டாக்கள் படையெடுத்து வரும் அத்தியாயம் ஆசிய மக்களைப் பற்றிய மட்டமான சித்திரிப்பு. டிஸ்னியே பிறகு அதை மறுஒளிபரப்பிலிருந்து விலக்கிவைத்தது. இன்று தம் பிள்ளைகளுக்கு இந்தத் தொடரைப் போட்டுக்காட்டும் பெற்றோர், அந்த இடங்களில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது நல்லது.

ஆனால் சில கதைகள் காலத்தை முந்திக்கொண்டு நிற்கின்றன. விமானிகளுக்குப் பதிலாக இயந்திர மனிதனை உட்காரவைக்கும் கதை அப்படியொன்று. இயந்திரத்துக்குத் தூக்கம் இல்லை, சம்பளம் இல்லை. பாலுவை அது போட்டியில் ஜெயிக்கிறது. விமானிகளுக்கு வேலை போகிறது. ஆனால் அதற்குப் போட்ட பாதையை விட்டு விலகத் தெரியாது. கொள்ளையர்களுக்கு அதுவே வசதியாகிவிடுகிறது. தானியங்கி விமான ஓட்டம் அப்போதே புதிதல்ல. 1914இல் பாரிஸ் அருகே லாரன்ஸ் ஸ்பெர்ரி இரண்டு கைகளையும் தூக்கிக்காட்டியபடி பறந்து அதை நிரூபித்தார். அவர் ஓட்டியதும் ஒரு நீர்விமானம்தான். நடுவானில் ஒரே விமானி போதுமா என்ற கேள்வியை ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்து, இன்றைய காக்பிட்டுகளில் இரண்டு பேர் இருக்கும்போது கிடைக்கும் பாதுகாப்புக்கு அது ஈடாகும் என்று நிறுவ முடியவில்லை என 2025இல் சொன்னது. விவாதம் தொடர்கிறது. கரடி அதை 1990களின் தொடக்கத்திலேயே பேசிவிட்டது.

இதே காலத்தில் ஜப்பானில் இயக்குநர் மியாசாகி, சிவப்பு நீர்விமானம் ஓட்டும் ஒரு பன்றியை வைத்து 'போர்கோ ரோஸோ' எடுத்துக்கொண்டிருந்தார்; 1992இல் வெளிவந்தது. அங்கேயும் ஆகாயக் கொள்ளையர்கள், அங்கேயும் பழுதுபார்க்கும் பட்டறைக் கட்டணத் தகராறு. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது தனி இன்பம்.

இப்போதைய குழந்தைகளுக்கும் விமானக் கார்ட்டூன்கள் உண்டு. 2014இல் தொடங்கிய கொரியத் தொடர் 'சூப்பர் விங்ஸ்' பொட்டலம் கொண்டுசேர்க்கும் ஒரு குட்டி விமானத்தைப் பற்றியதுதான். நாடு நாடாகப் போகிறது, நல்ல பிள்ளைகளைச் சந்திக்கிறது. எரிபொருளுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. மிகச் சிறிய குழந்தைகளுக்கு அது போதும். எட்டு வயதுக்காரர்களுக்குப் போதாது. தமிழ்ச் சிறுவர் அலைவரிசைகளில் ஓடுபவற்றில் பெரும்பகுதி மொழிமாற்றம் செய்யப்பட்ட சரக்கு. இங்கேயே ஒன்றைச் செய்யலாம் என்று யாராவது கிளம்பினால், கதைக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. செங்குன்றம் ஏரி இருக்கிறது, ஓலைக் கொட்டகைத் தபால் விமானம் இருக்கிறது. 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் பயணம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறையில் இறங்கி ஏறி மெட்ராஸுக்கு வந்தது, ஒரு டக்கோட்டாவில். காங்கேசன்துறை அருகே உள்ள அதே பலாலி ஓடுதளத்துக்கு 2019இல் சென்னையிலிருந்து மறுபடியும் சிறிய ஏ.டி.ஆர். விமானங்கள் போகத் தொடங்கின. இடையில் கிடக்கும் எழுபது ஆண்டுகளில் சுங்கச் சாவடி உண்டு, கடத்தல் உண்டு, போர் உண்டு, பிரிந்த குடும்பங்கள் உண்டு. 65 அத்தியாயத்துக்குத் தாராளமாக வரும்.