எச்-1பி விசா வந்தாச்சு... அமெரிக்காவுக்குத் தாமதமாகக் கிளம்பினால் சிக்கலா?

"மார்கழி முடியட்டும், தை பிறந்ததும் கிளம்பு" என்கிறார்கள் வீட்டில். தங்கை கல்யாணம், அப்பாவுக்கு ஆபரேஷன், இப்போதைய கம்பெனியில் 90 நாள் நோட்டீஸ் என்று வேறு காரணங்களும் இருக்கலாம். பாஸ்போர்ட்டில் எச்-1பி விசா முத்திரை விழுந்துவிட்டது. அதில் உள்ள தேதிக்கு இன்னும் வருஷக்கணக்கில் நேரம் இருக்கிறது. அப்புறம் என்ன அவசரம்?

சட்டப்படி அவசரம் இல்லைதான். விசா கிடைத்த இத்தனை நாளுக்குள் அமெரிக்காவில் இறங்கியாக வேண்டும் என்று எச்-1பி விதிகளில் கெடு எதுவும் இல்லை. கம்பெனியின் மனு அமலுக்கு வரும் தேதிக்கு 10 நாள் முன்பிலிருந்தே நுழையலாம்; விசா காலாவதியாகும் வரை அந்தக் கதவு திறந்திருக்கும். அமீரகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள்தான் நுழைவு அனுமதி வந்த 60 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டு இங்கே பயப்படத் தேவையில்லை.

ஆனால், பயப்பட வேண்டிய இடம் வேறு.

முத்திரை உங்களுடையது, மனு கம்பெனியுடையது

எச்-1பி விசா நிற்பதே கம்பெனி தாக்கல் செய்த மனுவின் மேல்தான். 'இந்த ஆள் இனி வேண்டாம்' என்று கம்பெனி எழுதிக் கொடுத்து மனுவை வாபஸ் வாங்கினால், அது தானாகவே ரத்தாகிவிடும். பாஸ்போர்ட்டில் தேதி அப்படியே இருக்கும். ஆனால் அதைக் காட்டி அந்த வேலைக்கு நுழைய முடியாது.

அமெரிக்காவுக்குள் வேலை பார்க்கும்போது லே-ஆஃப் ஆனால், வேறு கம்பெனி தேட அதிகபட்சம் 60 நாள் அவகாசம் உண்டு. சென்னையில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது வேலை போனால் அந்த அவகாசம் கிடையாது.

சம்பளமும் அப்படித்தான். வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு, அவர் அமெரிக்காவில் நுழைந்த 30 நாளுக்குள் கம்பெனி சம்பளம் கொடுக்கத் தொடங்கியாக வேண்டும். புராஜெக்ட் இல்லை என்று பெஞ்சில் உட்கார வைத்தாலும் கொடுக்க வேண்டும். நுழையாதவரை அந்தக் கட்டாயம் இல்லை. அதாவது, நீங்கள் ஊரில் இருக்கும்வரை உங்களைக் கழற்றிவிட கம்பெனிக்குப் பெரிய செலவில்லை. யாரும் ஆஃபர் லெட்டரோடு சேர்த்துச் சொல்லாத விஷயம் இது.

இடைப்பட்ட மாதங்களில் கிளையன்ட் மாறி, வேலை வேறு நகரத்துக்குப் போய்விட்டால் திருத்திய மனுவே தேவைப்படலாம். ஒரே ஆறுதல், எச்-1பியின் ஆறு வருஷ வரம்பில் அமெரிக்காவில் இருந்த நாட்கள் மட்டுமே சேரும். ஊரில் கழித்த மாதங்கள் சேராது. மனுவின் மூன்று வருஷம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

1 லட்சம் டாலர் விவகாரம்

முன்பெல்லாம் இந்த வேலை போனால் இன்னொரு கம்பெனி என்று தைரியமாக இருக்கலாம். 2025 செப்டம்பர் 19 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட பிரகடனம் அதை மாற்றியது. செப்டம்பர் 21 முதல் தாக்கலாகும் புதிய மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம், 12 மாதத்துக்கு என்று அறிவிக்கப்பட்டது. செல்லுபடியாகும் எச்-1பி விசா வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது என்று பிறகு விளக்கம் வந்தது. அமெரிக்காவுக்கு வெளியே, செல்லுபடியாகும் விசா இல்லாமல் இருப்பவர்தான் மாட்டுகிறார். தள்ளிப்போட்டு, வேலையும் போய், விசாவும் காலாவதியானவர் நிற்கும் இடம் கிட்டத்தட்ட அதுதான். அவருக்காக அத்தனை பணம் கட்ட எத்தனை கம்பெனிகள் முன்வரும்?

எனவே கல்யாணத்துக்கு இருந்துவிட்டுப் போவதில் தப்பில்லை. ஹெச்.ஆர். போனில் "நோ இஷ்யூ" சொன்னதை மட்டும் நம்பி டிக்கெட்டை மாற்ற வேண்டாம். புதிய ஜாயினிங் தேதியை மெயிலில் வாங்குங்கள். மனு உயிரோடு இருக்கிறதா, வேலை பார்க்கும் இடம் அதேதானா என்றும் அதிலேயே கேளுங்கள். கிளம்பும் வாரத்தில் புதுத் தேதியிட்ட வேலை உறுதிக் கடிதம் ஒன்றும் கையில் இருக்கட்டும். விசா இருந்தாலும் உள்ளே விடுவதா என்று முடிவு செய்வது விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரிதான். "ஏன் இவ்வளவு தாமதம்?" என்று அவர் கேட்கும்போது, பழைய தேதி போட்ட ஆஃபர் லெட்டர் உதவாது.