இலவச டயாலிசிஸ்: தொற்றுக்கு யார் பொறுப்பு?

தனியார் மருத்துவமனைக்கு மாற வழியற்ற தலித் கூலித் தொழிலாளிக்கு டயாலிசிஸ் மையத்தில் ஹெபடைடிஸ் சி தொற்றினால், ‘வேறெங்கோ வந்திருக்கும்’ என்று சொல்லிவிடுவது நிர்வாகத்துக்கு எளிது. இத்தொற்றுக்குத் தடுப்பூசி இல்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் கையுறை மாற்றுவது, ஒருவரின் மருந்துக் குப்பியை மற்றவருக்குப் பயன்படுத்தாதது போன்ற ஒழுங்குகளே காப்பு.

2016இல் அறிவிக்கப்பட்ட தேசிய டயாலிசிஸ் திட்டத்தில் பல மையங்களைத் தனியார் நடத்துகின்றனர். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்கான கட்டணத்தை அரசு செலுத்துகிறது. அனைவருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் காப்பீட்டு நிறுவனம் கட்டணம் செலுத்தினால் நோயாளி நுகர்வோரே என்பதும் அதே தீர்ப்புதான். அரசு செலுத்தும்போதும் அவ்வாறே கொள்ள வேண்டுமென வாதிட இடமுண்டு.

சேர்க்கையின்போது தொற்று இல்லை என்று காட்டும் இரத்தப் பரிசோதனை அறிக்கை இல்லையெனில் அவ்வாதம் தளர்ந்துவிடும். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, மருத்துவ ஆவணங்களைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.